கோல் வடிவமும் ஓர் ஏகாரமும்

திரவப் படிகங்களின் மூலக்கூறு அமைப்புப் பற்றிய விதி: ஒரு திறனாய்வு

விதியின்றிக் கல்வி நடைபெறாது. சிதறிக் கிடக்கும் செய்திகளைத் தொகுத்து, அவற்றுள் பொதுவாக நிற்பது யாது எனக் கண்டு, அதனை ஒரு சிறு தொடரில் அடக்கிச் சொல்வதே விதி. இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னும் தோன்றின என்பதைத் தமிழாசிரியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு திறமையாக வகுத்த விதிக்கும் அப்பால் சில நின்றுவிடும் என்பதைத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ தொல்காப்பியத்தில் புறனடை நூற்பாக்கள் இடம் பெற்றன!

அறிவியலிலும் விதிகள் உண்டு. அவற்றுக்குப் புறனடைகளும் உண்டு. ஆனால், ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து பாடநூலுக்கும், பாடநூலிலிருந்து வகுப்பறைக்கும் வந்து சேர்வதற்குள் புறனடை உதிர்ந்து போய், விதி மட்டும் எஞ்சிவிடுகிறது. கைக்கடிகாரத்திலும் கணக்குப் பொறியிலும் தொலைக்காட்சித் திரையிலும் பயன்படும் திரவப் படிகங்களைப் பற்றி எளிய நூல்கள் கூறும் விளக்கம் இதற்குத் தக்க சான்றாகும். நீண்டு, நேராக, கோல் போன்று இருக்கும் மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்பது அவ்விளக்கம்.

இத்தொடரில் பெரும்பகுதி உண்மை. குற்றம் உள்ள இடம் ஒன்றே ஒன்று: ‘மூலக்கூறுகளே’ என்பதன் இறுதியில் நிற்கும் ஏகாரம். அது தேற்றேகாரமாக நின்றிருப்பின் குறையொன்றும் இல்லை. பிரிநிலை ஏகாரமாக நின்று, கோல் அல்லாதவற்றையெல்லாம் வெளியே தள்ளிவிட்டது. அந்த ஓர் எழுத்தினால் விளைந்தது யாது, அதனை நீக்கினால் விதியில் எஞ்சுவது யாது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

இரு முறை உருகிய பொருள்

1888-ஆம் ஆண்டில் பிராகு நகரில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் பிரிடெரிக் ரைனிட்சர், கொலஸ்டெரில் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடேற்றினார். அது 145.5 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் உருகியது. ஆனால் தெளிந்த நீர்மமாக உருகவில்லை. பால் கலந்தாற்போன்று கலங்கி நின்றது. மேலும் சூடேற்ற, 178.5 பாகையில் அக்கலங்கல் திடீரென நீங்கித் தெளிந்தது. தூய பொருள் ஒன்றுக்கு உருகுநிலை ஒன்றே என்று கற்றிருந்த காலம் அது. இரண்டு உருகுநிலைகளைக் கண்டு வியந்த ரைனிட்சர், ஓட்டோ லேமன் என்னும் இயற்பியல் அறிஞருக்கு அதனை அனுப்பி வைத்தார். சூடேற்றும் வசதியுடைய உருப்பெருக்கியில் வைத்து நோக்கிய லேமன், அக்கலங்கல் நீர்மம் நீர்போல் ஓடினும், ஒளியைப் படிகம் போன்றே பிரித்துக் காட்டுகிறது என்று கண்டார்.

ஓடுவது எப்படிப் படிகமாகும்? கஸ்டாவ் தம்மான் போன்ற வேதியியல் அறிஞர் இதனை ஏற்கவில்லை. இஃது ஒன்றில் ஒன்று கரையாத இரு பொருள்களின் கலவை; அதனால்தான் கலங்கித் தோன்றுகிறது என வாதிட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த இவ்வாதத்தில் லேமன் பக்கமே உண்மை நின்றது. பின்னர், 1922-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் பிரீடெல், ‘திரவப் படிகம்’ என்ற பெயரே பொருந்தாது என்றார். இது திரவமும் அன்று, படிகமும் அன்று, இடைப்பட்ட தனி நிலை என்பது அவர் கருத்து. அவர் வகுத்த மூன்று பிரிவுகள் நிலைத்தன. அவர் மறுத்த பெயரும் நிலைத்துவிட்டது!

அம்மூன்று பிரிவுகளையும் பள்ளிக்கூட முற்றத்தைக் கொண்டு விளக்கலாம். காலை வணக்கத்தின்போது மாணவர் ஒவ்வொருவருக்கும் நிற்கும் இடமும் உண்டு, நோக்கும் திசையும் உண்டு. அது படிகம். இடைவேளையில் இரண்டும் இல்லை. அது திரவம். இடம் எதுவும் குறிக்காமல், எல்லாரும் ஒரே திசையை நோக்கியவண்ணம் விரும்பியவாறு நடமாடினால் அது ‘நெமாட்டிக்’ எனப்படும் இழைநிலை. அவ்வாறு நடமாடுவோர் மாடிக் கட்டடத்தின் தளங்களில் இருப்பதுபோலத் தத்தம் அடுக்குக்குள் நின்று உலவினால் அது ‘ஸ்மெக்டிக்’ எனப்படும் அடுக்குநிலை. நோக்கும் திசை சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே சென்றால் அது ‘கொலஸ்டெரிக்’ எனப்படும் முறுக்குநிலை. இம்மூன்றிலும் திசை உண்டு. இடம் முழுமையாக வரையறுக்கப்படவில்லை. இந்தத் திசை ஒழுங்கினை மூலக்கூறுகளுக்குத் தருவது எது என்பதே கேள்வி.

வொர்லேண்டர் வகுத்த விதி

அக்கேள்விக்கு முதலில் முறையான விடை கண்டவர் ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டானியல் வொர்லேண்டர். மூலக்கூறின் வடிவம் படிகத் திரவ நிலையை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பற்றி 1907-ஆம் ஆண்டில் அவர் கட்டுரை வெளியிட்டார். அதன் பின்னரும் பல்லாண்டுகள் தம் மாணவருடன் உழைத்து, ஆயிரத்திற்கும் மேற்பட்ட பொருள்களை ஆய்ந்தார். அவர் கண்ட முடிவு சுருக்கமானது: மூலக்கூறு எவ்வளவுக்கு நீண்டும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது திரவப் படிகமாதற்கு ஏற்றது.

பென்சீன் வளையத்திற்கு ஆறு மூலைகள். எதிரெதிர் மூலைகளில் கிளைகள் இணைந்தால் மூலக்கூறு நேராக நிற்கும். ஒரு மூலை விட்டு அடுத்த மூலையில் இணைந்தால் முழங்கை போல் வளையும். நேராக நின்றவை திரவப் படிகமாயின. வளைந்தவற்றுள் பெரும்பாலானவை ஆகவில்லை. இதற்கு முன்னரே, 1890-இல், கட்டர்மான் உருவாக்கிய பாரா-அசாக்சி-அனிசோல் என்னும் பொருளும் இவ்விதிக்கு இணங்கியது. இரு வளையங்கள் நேர்கோட்டில் இணைந்த அம்மூலக்கூறு ஏறத்தாழ 118 பாகைக்கும் 135 பாகைக்கும் இடையில் இழைநிலையில் நின்றது.

கண்ட உண்மைக்குக் காரணமும் பின்னர்க் கிடைத்தது. லார்ஸ் ஒன்சாகர் 1949-இல் கணித முறையில் ஒன்றை மெய்ப்பித்தார். கடினமான மெல்லிய கோல்களுக்கு இடையே கவர்ச்சி விசை ஒன்றும் இல்லாவிட்டாலும், நெருக்கம் ஓர் அளவை மிஞ்சினால் அவை தாமே ஒரு திசையில் திரும்பும் என்பது அது. ஆற்றில் மிதந்து வரும் மூங்கில் கழிகளை எண்ணினால் இது விளங்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் கழிகள் ஒன்றையொன்று தடுக்கும். ஒரே திசையில் திரும்பியபின் ஒவ்வொன்றும் தடையின்றி நகரும். திசையில் சிறிது உரிமையை இழந்து, நகர்ச்சியில் மிகுந்த உரிமையைப் பெறுகின்றன எனலாம். 1950-களின் இறுதியில் மையர், சௌப்பே என்னும் இருவர், மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சி விசையைக் கொண்டும் இந்நிலையை விளக்கினர்.

ஆக, வொர்லேண்டர் விதி வெறும் ஊகம் அன்று. சோதனையும் கணிதமும் அதனைத் தாங்கி நிற்கின்றன. அதனைக் குறை கூற வருவோர் இதனை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

கோலுக்கு வால் எதற்கு?

விதிக்கு உட்பட்டவை என்று கருதப்படும் பொருள்களிலேயே, அதாவது கோல் வடிவ மூலக்கூறுகளிலேயே, விதி விளக்காத செய்திகள் பல உள. இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் கிரே, மூலக்கூறு அமைப்பிற்கும் திரவப் படிகப் பண்பிற்கும் உள்ள தொடர்பினை ஆராய்ந்து 1962-இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்தில் அறிந்திருந்த பொருள்களுள் பெரும்பாலானவை மிகுந்த வெப்பத்தில்தான் திரவப் படிகமாயின. 1969-இல் ஜெர்மனியில் அறை வெப்பத்திலேயே இழைநிலையில் நிற்கும் பொருள் ஒன்று கிடைத்தது. ஆனால் அதன் இரு வளையங்களுக்கும் இடையில் நின்ற இணைப்பு, காற்றிலுள்ள ஈரத்தினால் சிதைந்தது. கிரேயும் அவருடைய துணைவரும் அந்த இணைப்பையே நீக்கி, வளையங்களை நேரடியாகப் பிணைத்தனர். ஒரு முனையில் சயனோ தொகுதியும், மறு முனையில் கார்பன் அணுக்களாலான வாலும் கொண்ட அப்பொருள்களை 1973-இல் உலகுக்கு அறிவித்தனர். கடிகாரத்திற்கும் கணக்குப் பொறிக்கும் நிலையான திரை கிடைத்தது இவற்றால்தான்.

இந்தக் குடும்பத்தில் எல்லா மூலக்கூறுகளுக்கும் நடுத்தண்டு ஒன்றே. வாலின் நீளம் மட்டுமே வேறு. வாலில் ஐந்து கார்பன் இருந்தால் ஏறத்தாழ 24 பாகை முதல் 35 பாகை வரை இழைநிலை மட்டும் உண்டு. எட்டு கார்பன் இருந்தால் சுமார் 21 பாகையில் அடுக்குநிலை தோன்றி, 33 பாகையில் இழைநிலையாகி, 40 பாகையில் தெளிந்துவிடும். பத்து கார்பன் ஆயின் இழைநிலையே இல்லை. அடுக்குநிலையிலிருந்து நேரே தெளிந்த திரவமாகும். மூன்றும் கோல்களே, மூன்றும் நேரானவையே. அங்ஙனமிருக்க, ஒன்று இழையாகவும், ஒன்று இரண்டுமாகவும், ஒன்று அடுக்கு மட்டுமாகவும் நிற்பது ஏன்? கோல் வடிவம் என்ற ஒரு சொல் இதற்கு விடை தராது.

விடை வாலில் இருக்கிறது. நடுத்தண்டு கடினமானது, வால் நெகிழ்ச்சியுடையது. கடினமானது கடினமானதோடும், நெகிழ்ந்தது நெகிழ்ந்ததோடும் சேர்ந்திருக்கவே விரும்பும். வால் குறுகியிருக்கும்போது இவ்விருப்பம் வலுவற்றது. வால் வளர வளர, தண்டுகள் ஒரு தளமாகவும் வால்கள் அடுத்த தளமாகவும் பிரிந்து, அடுக்குகள் அமைகின்றன. அடுக்குநிலை என்பது நீளத்தின் விளைவு மட்டும் அன்று. ஒரே மூலக்கூறில் இரு வேறு இயல்புகள் இணைந்திருப்பதன் விளைவுமாகும்.

நீளம் மிகுந்தால் நன்மை மிகும் என்பதும் முழு உண்மை அன்று. இதே குடும்பத்தில், தெளிந்த திரவமாகும் வெப்பநிலை ஐந்து கார்பனுக்கு 35 பாகை; ஆறுக்கு 29; ஏழுக்கு 43; எட்டுக்கு 40. வால் நீள நீள வெப்பநிலை சீராக ஏறவில்லை. ஒற்றைப்படை எண்ணுக்கு ஏறியும், இரட்டைப்படை எண்ணுக்கு இறங்கியும் ஊசலாடுகிறது. கார்பன் சங்கிலி வளைந்து வளைந்து செல்வது. ஒற்றைப்படையில் அதன் கடைசிப் பிணைப்பு தண்டின் திசையிலேயே அமைகிறது; இரட்டைப்படையில் பக்கவாட்டில் விலகி நிற்கிறது. கடைசி ஓர் அணு நோக்கும் திசைகூட முழுக் கூட்டத்தின் ஒழுங்கைப் பாதிக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

கடினமான தண்டு மட்டும் இருந்து வால் இல்லாவிட்டால் என்னாகும்? ஐந்து பென்சீன் வளையங்களை நேர்கோட்டில் பிணைத்த மூலக்கூறு மிகச் சிறந்த கோல். அதுவும் திரவப் படிகமாவது உண்மையே. ஆயின், 400 பாகையை ஒட்டிய வெப்பத்தில்தான். அதற்குக் கீழே அது கெட்டியான படிகமாக இறுகிக் கிடக்கும். வாலே அவ்விறுக்கத்தைத் தளர்த்தி உருகுநிலையைக் கீழே கொண்டு வருகிறது. தண்டு ஒழுங்கினைத் தருகிறது. வால் ஓட்டத்தைத் தருகிறது. ஒழுங்கும் ஓட்டமும் சேர்ந்ததே திரவப் படிகம் ஆதலின், வாலை விட்டுத் தண்டை மட்டும் புகழ்வது பாதி உண்மையாகும்.

எது மூலக்கூறு, எது கோல்?

வேறு இரு செய்திகளும் ஈண்டுக் கருதத் தக்கன.

முதலாவது: பென்சீன் வளையத்தில் உள்ள எலெக்ட்ரான்கள் எளிதில் அசைந்து கொடுப்பவை, அவற்றால் எழும் கவர்ச்சியே மூலக்கூறுகளை ஒரு திசைப்படுத்துகிறது என்று பலர் கருதினர். 1977-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தினர், இரு வளையங்களுள் ஒன்றை எடுத்துவிட்டு, அவ்வாறு அசைந்து கொடுக்காத சைக்ளோஹெக்சேன் வளையத்தை அவ்விடத்தில் வைத்தனர். கவர்ச்சியே காரணமாயின் திரவப் படிக நிலை நலிந்திருக்க வேண்டும். நேர்மாறாக, ஐந்து கார்பன் வாலுடைய பொருளின் தெளியும் வெப்பநிலை 35 பாகையிலிருந்து 55 பாகைக்கு உயர்ந்தது! ஆனால் அவ்வளையம் இரு பக்கமும் நேராக நீளும் வடிவில் இருத்தல் வேண்டும். முறிந்தாற்போல் நிற்கும் மற்றொரு வடிவம் பயன்படாது. இஃது ஒன்சாகர் வழியில் வந்த வடிவக் கொள்கைக்கு வலுச் சேர்க்கும் சான்றாகும். வடிவத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் இதனை மறத்தல் ஆகாது.

இரண்டாவது: ஆல்காக்சி பென்சோயிக் அமிலங்கள் சிறியவை, ஒரே ஒரு வளையம் உடையவை. விதிப்படி இவை தேறக்கூடாதவை. எனினும், வாலில் மூன்று கார்பன் வந்தவுடனேயே இழைநிலை காட்டுகின்றன. ஏழு வந்தபின் அடுக்குநிலையும் காட்டுகின்றன. இரண்டு அமில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பினால் தலையோடு தலை கைகோத்து, ஒரு நீண்ட இரட்டையாக நிற்பதே இதற்குக் காரணம். கோலாக நின்றது மூலக்கூறு அன்று, இணை. தனிச் சொல்லைப் பார்த்துத் தொடரின் பொருளைக் கூற முடியாதது போல, தனி மூலக்கூறைத் தாளில் வரைந்து பார்த்து அதன் நிலையைக் கூறிவிட முடியாது.

பெங்களூரில் உருண்ட வட்டு

இதுவரை கண்டவை விதியின் உள்ளே இருந்த குறைகள். விதியின் வேலியையே உடைத்த நிகழ்ச்சி 1977-ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்தது. பெங்களூரில் உள்ள இராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் சி. சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய மூவர் அதனைச் செய்தனர். இந்தச் சந்திரசேகர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, இவர் வேறு.

அவர்கள் எடுத்துக்கொண்ட மூலக்கூறு கோல் அன்று. அதற்கு நேர்மாறான வட்டு. ஒரே ஒரு பென்சீன் வளையம் நடுவில். அதன் ஆறு மூலைகளிலும் ஆறு வால்கள். நீளமும் இல்லை, நேர்மையும் இல்லை. ஆயினும், ஏழு கார்பன் அமிலத்தின் வால்களையுடைய பொருள் ஏறத்தாழ 81 பாகையில் உருகி, 87 பாகையில் தெளிந்தது. இடைப்பட்ட அந்த ஆறு பாகைக்குள் அது திரவப் படிகமாக நின்றது. எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, வட்டுகள் நாணயங்களை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்களாய் நிற்பதும், அத்தூண்கள் அறுகோண ஒழுங்கில் அமைவதும் தெரிந்தன. இந்திய ஆய்விதழாகிய ‘பிரமாணா’வில் இக்கட்டுரை வெளிவந்தது.

இதற்கு முன்னரே, 1965-இல், ஆஸ்திரேலியாவில் புரூக்ஸ், டெய்லர் என்னும் இருவர், கீல் போன்ற பொருள்களைச் சூடேற்றுகையில் தட்டையான மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகத் துளிகள் தோன்றுவதைக் கண்டிருந்தனர். ஆயின் அது பல பொருள்களின் கலவை. தூய பொருள் ஒன்றில், திட்டமிட்டு, வட்டு மூலக்கூறும் திரவப் படிகமாகும் என்று நிறுவியவர்கள் பெங்களூரார் மூவரே. வேறுபட்ட பயனும் பின்னர் விளைந்தது. கோல் மூலக்கூறுகளால் ஆன திரையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் படம் மங்கும். அக்குறையைத் தீர்க்க 1990-களில் பயன்பட்டது, வட்டு மூலக்கூறுகளால் ஆன மென்படலம்.

கோல் என்பதும் வட்டு என்பதும் எதிர்ப்பதங்கள் போல் தோன்றினும், இரண்டுக்கும் பொது ஒன்று உண்டு. இரண்டும் உருண்டை அல்ல. ஒரு திசையில் ஓர் அளவும், மற்றொரு திசையில் வேறோர் அளவும் உடையவை. கடினமான நடுப்பகுதியும் நெகிழ்ந்த வால்களும் இரண்டிலும் உள. வொர்லேண்டர் கண்டது இப்பொதுமையின் ஒரு கிளையை. விதியில் எழுதியதோ அதுவே மரம் என்பதுபோல.

கையில் இருந்தும் காணாதது

இத்திறனாய்வில் மிகவும் சிந்திக்கத் தக்க பகுதி இனி வருவது. வளைந்த மூலக்கூறுகளை வொர்லேண்டர் அறியாதவர் அல்லர். 1932-இல் ஆபெல் என்பவருடன் சேர்ந்து, பென்சீன் வளையத்தின் பிணைப்புகள் எத்திசைகளில் நீள்கின்றன என ஆராய்ந்தபோது, முழங்கை போல் வளைந்த பொருள்களையும் அவர் உருவாக்கினார். அவை நேரானவற்றை விடத் தாழ்ந்த திறம் உடையவை என்பதைக் கொண்டு, பிணைப்புகளின் திசையை அவர் சரியாகவே உய்த்துணர்ந்தார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கடந்தன. 1996-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நியோரி, தகெசோயெ முதலிய அறிஞர், வாழைப்பழம் போல் வளைந்த மூலக்கூறுகள் அடுக்கப்படும்போது, வளைவெல்லாம் ஒரே பக்கம் நோக்கி, மின்முனை ஒழுங்கு ஒன்று பிறப்பதை வெளிப்படுத்தினர். மறு ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வு மற்றுமொரு வியப்பைக் காட்டியது. வலம் இடம் என்ற வேறுபாடே இல்லாத அம்மூலக்கூறுகள், கூட்டமாகச் சேர்ந்தபோது தாமே வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் பிரிந்து நின்றன. நேரான கோல்களால் நிகழ முடியாத ஒழுங்கு இது.

அதன் பின்னர், 2001-இல், வொர்லேண்டர் காலத்துப் பழைய பொருள் ஒன்றை ஹாலே அறிஞர் மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். வாழைப்பழ மூலக்கூறுகளுக்கே உரிய நிலை அதிலும் இருந்தது! விதியை வகுத்தவர் கையிலேயே அவ்விதியை மீறும் பொருள் இருந்திருக்கிறது. அது தாழ்ந்த வகை எனத் தரம் பிரிக்கப்பட்டு, வேறு வகை என நோக்கப்படாமல் கிடந்தது.

இதனை வொர்லேண்டரின் கவனக்குறைவு என்று கூறுதல் முறையன்று. அவர் காலத்தில் இருந்த கருவிகள் வேறு; அவர் கேட்ட கேள்வியும் வேறு. தாம் கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே அவர் பெற்றார். எனினும், நேராக இருப்பதே உயர்வு என்று அளவுகோல் வைத்தபின், வளைந்தது எப்போதும் குறையுடைய நேராகவே தோன்றும். தனக்கென ஓர் ஒழுங்கு உடையதாகத் தோன்றாது. பின்வந்தோர் அந்த அளவுகோலை மாற்றாமல் வைத்துக்கொண்டதே கருதத் தக்க குறை.

வளைவின் பெருமை அத்துடன் நிற்கவில்லை. முன்னர்க் கூறிய சயனோ வகைத் தண்டுகள் இரண்டை ஏழு கார்பன் சங்கிலியால் இணைத்தால், ஏழு ஒற்றைப்படை ஆதலின், இணைந்த மூலக்கூறு வளைந்து நிற்கும். ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தில் அது புதியதோர் இழைநிலையை அடைகிறது. அதில் திசை, திருகாணியின் புரி போல் சுழன்று செல்கிறது. ஒரு சுற்றின் நீளம் ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் பங்கில் எட்டு மட்டுமே. 2013-இல் இது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஒற்றை இரட்டை என்ற சிறு வேறுபாடு, முன்பு சில பாகை வெப்பத்தையே மாற்றியது. இங்கே ஒரு புதிய நிலையையே பிறப்பித்தது.

பக்கக் கிளையும் பயன் தரும்

விதியின் கிளை விதி ஒன்றும் உண்டு. மூலக்கூறின் பக்கவாட்டில் கிளை ஒட்டினால் அது தடித்துவிடும். அண்டை மூலக்கூறுடன் நெருங்காது. ஆகவே பக்கக் கிளை தீது என்பது அது. பெரும்பான்மை இதுவே உண்மை. ஆனால் 2017-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் மாண்டில், கவ்லிங், குட்பி ஆகியோர் ஆராய்ந்த பொருள் ஒன்றுக்கு நீண்ட வால் இல்லை. பக்கத்தில் ஒரு மெத்தாக்சி கிளையும் உண்டு. மூன்று வளையங்களும், ஒரு முனையில் நைட்ரோ தொகுதியும், மிக வலிய மின் இருமுனைத் திறனும் அதற்கு உண்டு. அதே ஆண்டில் ஜப்பானிய அறிஞரும் இதனை ஒத்த இயல்புடைய வேறொரு பொருளை அறிவித்தனர். யார்க் அறிஞரின் பொருள், மூலக்கூறுகளின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் நோக்கும் இழைநிலையை அடைகிறது என்பதை 2020-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார் உறுதி செய்தனர். இத்தகைய நிலை இருக்கக்கூடும் என்று மாக்ஸ் பார்ன் 1916-இலேயே எண்ணியிருந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே அது கைக்கு எட்டியது.

சாதாரண சயனோ பொருள்களில் மூலக்கூறுகள் தலைக்கு வாலாக எதிரெதிரே இணைந்து, ஒன்றன் மின்திறனை ஒன்று அழித்துவிடுகின்றன. அவ்வாறு எதிரெதிரே நெருங்கவொட்டாமல் பக்கக் கிளை தடுப்பதே இந்நிலை பிறக்கத் துணை செய்கிறது என்று கருதப்படுகிறது. அங்கே தீதென ஒதுக்கப்பட்டது, இங்கே வேண்டுவதாயிற்று.

எஞ்சும் உண்மை

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், வொர்லேண்டர் விதி பொய்த்துவிட்டது என்று கூற இடமில்லை. நேரான தண்டில் ஒரு பென்சீன் வளையத்தைக் கூட்டினால், ஐந்து கார்பன் வாலுடைய சயனோ பொருள் தெளியும் வெப்பநிலை 35 பாகையிலிருந்து ஏறத்தாழ 240 பாகைக்குத் தாவுகிறது. விதியின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. திரைகளில் பயன்படும் கலவைகளும் பெரும்பாலும் கோல் மூலக்கூறுகளே. தவறு விதியில் இல்லை. அதனை எல்லையாக்கிய ஏகாரத்தில் இருக்கிறது.

அந்த ஏகாரத்தை நீக்கியபின் எஞ்சுவன மூன்று. மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒரே அளவினதாக இராமல், கோலாகவோ வட்டாகவோ வளைவாகவோ இருந்து அண்டை மூலக்கூறுக்குத் திசை காட்டுதல் வேண்டும் என்பது ஒன்று. ஒழுங்கு தரும் கடினமும், உருகவிடும் நெகிழ்ச்சியும் தம்முள் அளவாகப் பொருந்துதல் வேண்டும் என்பது இரண்டு. வால் இல்லாத இடத்தில் வேறொன்று அப்பணியைச் செய்யலாம். நிலை என்பது தனி மூலக்கூறின் உடைமை அன்று. கூட்டத்தின் உடைமை என்பது மூன்று. அமைப்பு, நிலையைக் கட்டளையிடுவதில்லை. எந்த எந்த ஒழுங்குகளுக்கு இடமுண்டு என்பதை மட்டும் வரையறுக்கிறது.

தமிழில் அறிவியல் எழுதுவோரும் கற்பிப்போரும் செய்யத் தக்கது அரிதன்று. உரையாசிரியர்கள் நமக்கு வைத்துச் சென்ற ‘பெரும்பான்மை’, ‘சிறுபான்மை’ என்னும் இரு சொற்களே போதும். நீண்டு நேரான மூலக்கூறுகள் திரவப் படிகமாதல் பெரும்பான்மை. வட்டும் வளைவும் ஆதல் சிறுபான்மை. இவ்வாறு எழுதினால் வரி நீளாது, உண்மையும் குறையாது. கேட்கும் மாணவனுக்கு அச்சிறுபான்மை எது, ஏன் என்று வினவும் வாய்ப்பும் கிடைக்கும்.

ஏகாரம் இட்டுச் சொல்லும்போது அவ்வினா எழுவதில்லை. விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன் உருவாவான். ஆனால், நாளை அவன் கையில் வளைந்த பொருள் ஒன்று கிடைத்தால், அதனைத் தாழ்ந்ததென்று தரம் பிரித்து ஒரு மூலையில் வைத்துவிடுவான். ஹாலேயில் அப்படி வைக்கப்பட்டது அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.